அறுப்புக்கு முன்னே

பலிபீடப் படியில் யாரோ கொண்டுவந்து வைத்த பப்பாளி ஒன்று அடிப்பக்கம் கனிந்து வெடித்திருந்தது. அதன் வாடை சுகிர்தாவின் மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, அங்கேயே குந்திக்கொண்டது. விழுங்கிப் பார்த்தாள், போகவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம்தான். ஆனால் முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் போதகர் மனைவி, ஊருக்கெல்லாம் ஐயரம்மா, மூக்கைப் பொத்தினாள் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது செம்மண்விளை முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும், யார் வீட்டுக் காணிக்கையைப் பார்த்துப் பொத்தினாள் என்கிற விசாரணையோடு. அறுப்பின் பண்டிகை. கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. வாழைத்தார், தேங்காய்க் குலை, மரச்சீனிக் கிழங்கு, முருங்கைக்காய்க் கட்டு, சாக்குப் பையில் உளுந்து, காலைக் கட்டிப் போட்ட சேவல்கள், ஒரு வெள்ளாட்டுக் குட்டி. குட்டி புழுக்கை போட்டுக்கொண்டே இருந்தது. மேலே மின்விசிறி எல்லா வாடையையும் ஒன்றாகக் கலக்கி, எண்ணெய் தேய்த்த தலைகளுக்கு மேலே சுழற்றி, மறுபடி அவள் முகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தது. பிரசங்க பீடத்தில் அவளுடைய வீட்டுக்காரர் பாக்கியநாதன் ஐயர் விதைக்கிறவனுடைய உவமையில் நின்றுகொண்டிருந்தார். "பிரியமானவர்களே, விதை ஒன்றுதான்! நிலந்தான் வேறே!" பிரியமானவர்களே என்று அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் மைக் 'பொத்' என்று ஒரு சத்தம் போட்டது. எச்சில் துளி ஒன்று மைக்கின் வலையில் விழுந்து மின்னியது. அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். ஆனால் அவள் கண் இப்படிப்பட்டதைத்தான் முதலில் பார்க்கும், கல்யாண வீட்டுப் பந்தியில் சோற்றுக்குள் கிடக்கிற முடியைப் பார்க்கிற மாதிரி. பார்த்துவிட்டால் பிறகு அதைத்தவிர வேறொன்றும் தெரியாது. இந்த மைக்கைத்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளும் வாய்ப்பக்கம் பிடித்து ஸ்தோத்திர ஜெபம் பண்ண வேண்டும். அதற்கு முன்னே அறிவிப்புகள். அறிவிப்பில் அவர் அந்தப் பேரைப் படிப்பாரா, மாட்டாரா? காலையில் கேட்டாள். அவர் நாக்கு வழித்துக்கொண்டிருந்தார். ஓங்கரிக்கிற சத்தம், தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம், மறுபடி ஓங்கரிப்பு. கொல்லைக் கதவுப் பக்கம் நின்றுகொண்டு, "ஏங்க, அந்தப் பிள்ள பேரப் படிக்காதீங்க" என்றாள். அவர் வழிப்பானை உதறினார். "பாக்கலாம்" என்றார். பாக்கலாம். கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் கேட்டதற்கெல்லாம் கிடைத்த பதில் அதுதான். எதைப் பார்த்தார், எப்போது பார்த்தார் என்று மட்டும் ஒருநாளும் தெரிந்ததில்லை.

வழியருகே விழுந்த விதையைப் பறவைகள் பட்சித்துப் போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் 'தின்னு' என்று சொல்கிற மனுஷன் இங்கே ஏறினால் 'பட்சி' என்கிறார். இங்கே இருக்கிற குரல் வேறே, வயிற்றிலிருந்து உருட்டி எடுத்து, நுனியில் ஒரு நடுக்கம் வைத்து, பஞ்சில் சுற்றிக் கொடுக்கிற குரல். புதுப்பெண்ணாக வந்தபோது இந்தக் குரலைக் கேட்டு அவளுக்கே கண் கலங்கியிருக்கிறது. இப்போது அது நுனி நடுங்கப்போகிற இடம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, இதோ, இதோ, நடுங்கியாயிற்று. பின்னாலிருந்து யாரோ ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினாள். "உன் இருதயம் எந்த நிலம்? நீ வழியருகா? பாறையா? முள்ளா?" நான் வழிதான் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள். முள்ளுக்குக்கூட கீழே ஈரம் வேண்டும். வழியருகு என்றால் ஒன்றுமில்லை, எல்லாரும் நடந்து நடந்து இறுகிப்போனது. ஐயரம்மா ஜெபம் பண்ணுங்க, ஐயரம்மா பிள்ளைக்குப் பேர் வைங்க, ஐயரம்மா எங்க மாமியார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, ஐயரம்மா டீ. டீ கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அது காதில் விழுந்தது. போன வாரச் சபைக் கமிட்டிக் கூட்டம், அவர்கள் குடியிருக்கும் ஐயர் பங்களா முன்னறையில். மிக்சர் தட்டைச் சுற்றிக் கைகள். ஒவ்வொரு கையும் நக்கிவிட்டுத் திரும்பத் தட்டுக்கே போகிற கை. கமிட்டிச் செயலர் துரைப்பழம் கடலையை மட்டும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டே பேசினார். "லேயா மக பதிவு ஆபீசில போயி கட்டியிருக்கா. பையன் இசக்கிமுத்தாம், நம்ம சபை இல்ல. லாரி ஓட்டுதான். இத இப்படியே விட்டா நாளைக்கு ஊரே கிளம்பிரும் ஐயா. சபைப் புத்தகத்துல இருந்து பேர எடுத்துருவோம், பண்டிகை அன்னைக்கே படிச்சிருங்க, ஜனம் நிறைய இருக்கும்." கடலைத் தோல் ஒன்று அவருடைய கீழுதட்டில் ஒட்டிக்கொண்டு பேச்சுக்குப் பேச்சு ஆடியது. "கோதுமைக்குள்ள களை ஐயா. களையப் பிடுங்கணும்." அவள் டம்ளர்களை வைத்துக்கொண்டிருந்தாள். பாக்கியநாதன் ஐயர் வாயைத் திறந்தார். பாக்கலாம் என்றார். அங்கேயும் பாக்கலாம். துரைப்பழத்துக்கு அது சரி என்று கேட்டது, அவளுக்கு இல்லை என்று கேட்டது. ஒரே சொல்லை இரண்டு பக்கமும் சப்பிக் கொடுக்கிற வாய் அது என்று நினைத்தாள். புருஷனைப் பற்றி இப்படி நினைக்கலாமா? கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு? நினைத்தாயிற்று. சேவல் ஒன்று இறகை அடித்தது. தூசியும் பிசிறும் பறந்து முன்பெஞ்சுக்கு வந்தன.

லேயாள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள்? முன்வரிசையில் உட்காருவதில் இதுதான் கஷ்டம், எல்லாரும் நம் முதுகைப் பார்ப்பார்கள், நாம் ஒருத்தரையும் பார்க்க முடியாது. தூணுக்குப் பின்னால் பாய் போட்ட இடத்தில்தான் வழக்கமாக இருப்பாள். இன்றைக்கு வரமாட்டாள் என்றுதான் சுகிர்தா நினைத்தாள். வந்திருக்கிறாள். காணிக்கைப் பவனியில் அவள் ஒரு பெரிய தடியங்காயைக் கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி நெஞ்சோடு சேர்த்துக் கொண்டுவந்து படியில் வைத்ததை எல்லாரும் பார்த்தார்கள். அவளுடைய குத்தகைப் பாத்தியில் காய்த்தது. சாம்பல் அப்பிய பூசணி, சேலையெல்லாம் வெள்ளை. வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த துரைப்பழம் அதை வாழைத்தாருக்குப் பின்னால் தள்ளிவைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சாம்பலைத் துடைத்தாரா, வேறெதையாவதா? லேயாள் அதைப் பார்த்தாளா? பார்த்திருப்பாள். மகள் போன நாளிலிருந்து அவள் மகளோடு பேசவில்லை. 'எனக்கு மகளும் கெடயாது மருமகனும் கெடயாது, எனக்கு என் ஆண்டவரும் கோயிலும் போதும்' என்று கிணற்றடியில் வைத்துச் சொன்னாளாம். கோயில் போதும் என்றவளிடம் இன்றைக்குக் கோயில் என்ன சொல்லப்போகிறது? பாக்கலாம். "சிலது முப்பது, சிலது அறுபது, சிலது நூறு!" என்று வீட்டுக்காரர் கையை விரித்தார். அங்கியின் அக்குளில் ஈரம் வட்டமாகப் படர்ந்திருந்தது. அதையும் அவள்தான் துவைக்க வேண்டும். திருவிருந்துப் பாத்திரத்தின் நினைப்பு வேறு வந்துவிட்டது, ஆண்கள் எல்லாரும் குடித்தபிறகு பெண்களுக்கு, மீசை நனைந்த விளிம்பு, துணியால் ஒரு துடைப்பு, திருப்பி அடுத்த வாய்க்கு. ஒவ்வொரு மாதமும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டுதான் குடிக்கிறாள். பக்தி என்று நினைக்கிறார்கள். 'இவளுக்கு எல்லாம் அருவருப்பு' என்று அம்மா சின்ன வயதிலேயே சொல்லுவாள், மீன் ஆயமாட்டாள், தங்கச்சிக்கு மூக்குச் சிந்திவிடமாட்டாள், மற்றவர்கள் கடித்த மாங்காயைத் தொடமாட்டாள். அப்படிப்பட்டவளுக்குப் போன வியாழக்கிழமை என்ன ஆயிற்று? அது இன்னும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். டவுனில் இறங்கி, லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற தெரு என்று கேள்விப்பட்டிருந்தாள், விசாரித்துப் போனாள். ஏன் போனாள்? லேயாள் மகள் ஜெனிட்டா சின்னப் பிள்ளையாக அவளிடம் ஞாயிறு பள்ளி படித்தவள், பாட்டுக்காரி, மேல்சுரத்தில் பிசிறில்லாமல் நிற்பாள், அதற்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உள்ளுக்குள் வேறொன்றும் இருந்தது. பிள்ளை அழுதுகொண்டிருப்பாள், வீடு குப்பையாக இருக்கும், அந்தப் பையன் குடித்துவிட்டுக் கிடப்பான், தான் போய் ஆறுதல் சொல்லி ஜெபம் பண்ணிவிட்டு வரலாம் என்கிற மாதிரி ஒன்று. போனால் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ரேடியோ பாடுகிறது. பிள்ளை அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறாள். திரும்பிப் பார்த்தவள், "ஐயோ, ஐயரம்மா!" என்று கரண்டியோடு ஓடிவந்தாள். "உள்ள வாங்க, இதுல இருங்க, இல்ல, இதுல இருங்க, அது கால் ஆடும்." முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரிப்பு அப்படியே இருந்தது. சுவரில் ஒரு பக்கம் அவன் வீட்டுச் சாமி படம், மறுபக்கம் இவளுடைய ஞாயிறு பள்ளிப் பரிசு, கண்ணாடிச் சட்டம் போட்ட வசனம், நடுவில் லாரி நிற்கிற காலண்டர். கடுகு தாளித்தாள். தாளித்த வாடை எழுந்ததும் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். சுகிர்தா பின்னாலேயே போனாள். ஏன் போனாள்? வேறு யாராவது என்றால் இவள் திண்டாடி வாசலுக்கல்லவா ஓடியிருப்பாள். ஜெனிட்டா சலதாரைப் பக்கம் குனிந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். சுகிர்தா அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வியர்த்த நெற்றி, ஈரக் கூந்தல், அவள் கைமேலேயே கொஞ்சம் பட்டது, மஞ்சளாக, சூடாக. அதைப் பார்த்தாள். அருவருப்பு வரும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. வரவில்லை. தண்ணீர் மோந்து பிள்ளையின் வாயைக் கழுவிவிட்டாள், தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "எப்ப இருந்து இப்படி, பிள்ள?" என்றாள். "கொஞ்ச நாளா ஐயரம்மா. அம்மாட்டச் சொல்லணும். எப்படிச் சொல்ல? அவங்க என்னப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கிடுதாங்க." பிறகு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "என் பேர எடுத்துருவாங்களா? அவரு கோயிலுக்கு வாரேங்காரு. நான்தான் இப்ப வேண்டாம்னேன். அம்மா உக்காந்திருக்க கோயிலு, அவங்களுக்கு அவமானமாப் போயிரக் கூடாது." சுகிர்தா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுக்க மாட்டாங்கட்டி. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். சொல்லிவிட்டுத்தான் தெரிந்தது. அவளும் அதே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறாள். பார்த்துக்கொள்கிறேன். அவர் பாக்கலாம், இவள் பாத்துக்கிடுதேன். பஸ்ஸில் திரும்பி வருகையில் அந்தச் சொல் வாயில் ஊறிக்கொண்டே வந்தது, கெட்டுப்போன மோர் மாதிரி.

"பிரியமானவர்களே" - பொத் - "கனியற்ற அத்திமரம்! எஜமான் வருகிறார், பார்க்கிறார், இலை இருக்கிறது, கனி இல்லை!" அடுத்த உவமைக்குப் போய்விட்டார். இன்றைக்கு எல்லா உவமையையும் ஒரே மூச்சில் அறுத்துவிடப் பார்க்கிறார். சுகிர்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள், இந்த இடம் அவளுக்குப் பிடிக்கும், அல்லது பிடித்திருந்தது. எஜமான் வெட்டச் சொல்கிறார், தோட்டக்காரன் இல்லை ஐயா, இந்த வருஷமும் நிற்கட்டும், நான் சுற்றிக் கொத்திவிட்டு எருப் போடுகிறேன் என்கிறான். எரு. பாக்கியநாதன் ஐயர் அந்த ஒரு சொல்லை மட்டும் ஓட்டமாகத் தாண்டிப் போனார், வேட்டியைத் தூக்கிக்கொண்டு சகதியைத் தாண்டுகிறவரைப்போல. எப்போதும் அப்படித்தான். கனியைப் பற்றி அரைமணி நேரம், எருவுக்கு அரை வார்த்தை. ஆனால் கதையில் வேலை செய்கிற ஒரே ஆள் அவன்தானே? எஜமான் வந்தார், பார்த்தார், கோபப்பட்டார். மரம் சும்மா நின்றது. இவன் ஒருத்தன்தான் குனிந்தான். சாணத்தைக் கையால் அள்ளியிருப்பான், புழு நெளிந்திருக்கும், நகத்துக்குள் போயிருக்கும், அந்தக் கையோடுதான் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பான். சின்ன வயதில் அவள் ஒருதடவை அப்பா வீட்டு எருக்குழிக்குள் விழுந்திருக்கிறாள், இடுப்பு வரைக்கும். நாற்றம் நினைவில்லை, விசித்திரம், நினைவிருப்பது சூடு. உள்ளே அவ்வளவு சூடாக இருந்தது, ஏதோ உயிருள்ள மிருகத்தின் வயிற்றுக்குள் நிற்கிற மாதிரி. அம்மாதான் கத்தினாள், சீ, சீ என்று தலையிலடித்துக்கொண்டு இழுத்தெடுத்தாள். நாற்றம் அம்மாவின் சத்தத்திலிருந்துதான் வந்தது. அதற்கப்புறந்தான் எல்லாமே சீ ஆயிற்று. இந்தச் சபையும் அப்படித்தான், கனி வேண்டும், அடுக்கி வைக்க வேண்டும், ஏலம் விட வேண்டும், குனியமட்டும் கூடாது. நான் மட்டும் என்னவாம்? முன்பெஞ்சில் சலவைச் சேலையோடு உட்கார்ந்து எல்லாருடைய எச்சிலையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களைப் பார்த்துப் பொங்கிவருகிற அந்தக் குமட்டல் ஒரு சுற்றுச் சுற்றி அவளிடமே திரும்பி வந்தது. தன் உள்ளங்கை வியர்வை, தன் வாய்க்குள்ளிருந்த தன் நாக்கு, காலையில் தின்ற முட்டையின் ஏப்பம், எல்லாம் வேறொருத்தியுடையது மாதிரி இருந்தன.

பிறகு களை வந்தது. அவளுக்குத் தெரியும், கடைசியில் இதற்குத்தான் வருவார் என்று. நல்ல விதை விதைத்த வயலில் சத்துரு வந்து களையை விதைத்துவிட்டுப் போன கதை. "களையைக் கண்டறிய வேண்டும், பிரியமானவர்களே! சபை விழித்திருக்க வேண்டும்!" ஆண்கள் பக்க முன்பெஞ்சில் துரைப்பழத்தின் தலை அசைந்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள். சரி, இப்போது சொல்வார். வேலைக்காரர்கள் பிடுங்கிப் போடட்டுமா என்று கேட்டதைச் சொல்வார், எஜமான் வேண்டாம், கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுப்பு வரைக்கும் இரண்டும் வளரட்டும் என்று சொன்னதைச் சொல்வார். சொல்லாமல் இருக்க முடியாது, கதையே அதுதான். சொன்னால் அந்தப் பேரைப் படிக்க முடியாது. சொல்லுங்க. அவள் தன் கால் பெருவிரலைத் தரையில் ஊன்றினாள். சொல்லுங்க, ஏங்க, அந்த ஒரு வரிதான். அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினார். கண் ஒரு தடவை முன்பெஞ்சுக்கு வந்து அவளைத் தொட்டது, தொட்டதும் நழுவியது. "அறுப்பு நாளிலே களைகள் கட்டுக்கட்டாக அக்கினியிலே!" என்றார். நடுவில் இருந்ததைக் காணோம். முழுங்கிவிட்டார். எல்லாருக்கும் முன்னால், மைக்கில், ஒரு மனுஷன் எஜமானுடைய வார்த்தையை எச்சிலோடு சேர்த்து முழுங்கியதை அவள் பார்த்தாள், குரல்வளை மேலே போய்க் கீழே வந்தது. ஆமென் என்றார். சபை ஆமென் என்றது. பாட்டு. உட்கார்ந்தார்கள். அறிவிப்புகள்: மத்தியானம் காணிக்கைப் பொருள் ஏலம், மாலையில் வாலிபர் கூடுகை, குடிதண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர்கள் சீக்கிரம் வரவும். அதே மூச்சில், அதே குரலில், தொட்டிக்கும் இதற்கும் நடுவே ஒரு இருமல்கூட இல்லாமல், "நமது சபையைச் சேர்ந்த லேயாள் அம்மாளின் குமாரத்தி ஜெனிட்டா, சபை ஒழுங்குக்கு விரோதமாகத் திருமணம் செய்தபடியால், திருவிருந்து ஐக்கியத்திலிருந்தும் சபை அங்கத்தினர் உரிமையிலிருந்தும் நீக்கப்படுகிறார்." படித்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழுகையாவது வரலாம், பாய் இழுபடுகிற சத்தமாவது வரலாம். அந்தத் தூணுக்குப் பின்னால் லேயாள் மூச்சு விடுகிறாளா இல்லையா என்று கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாத இடத்தில் ஆண்டவர் ஏன் என்னை உட்கார வைத்தார்? "இப்போது நமது ஐயரம்மா ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுப்பார்கள்."

எழுந்தாள். படியில் பப்பாளிச் சாறு ஒழுகிக் காய்ந்து பசையாயிருந்தது, வெறும் பாதம் ஒட்டி ஒட்டி எழும்பியது. அவர் மைக்கை எடுத்து நீட்டினார். சூடாக, ஈரமாக இருந்தது. "சுருக்கமாப் பண்ணு" என்றார் வீட்டுக் குரலில், உதடு அசையாமல். தலைகள் குனிந்தன, முக்காடுகள் ஏறின, கண்கள் மூடின. இப்போதுதான் அவளால் எல்லாரையும் பார்க்க முடிந்தது. தூணுக்குப் பின்னால் லேயாள் இருந்தாள். அவள் மட்டும் கண்ணை மூடவில்லை. சேலையில் தடியங்காயின் வெள்ளை அப்படியே இருந்தது. "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சுகிர்தாவின் வாய் தானாகச் சொன்னது. எத்தனையோ வருஷமாகச் சப்பிச் சப்பிச் சாரம் போன சொற்கள் வரிசையாக வந்து நின்றன, பூமியின் பலனுக்காக, முன்மாரிக்காக, பின்மாரிக்காக. அவளுக்கு ஓங்கரித்தது. தன் சத்தத்தின் நுனியில் அதே நடுக்கம் இருந்ததைக் கேட்டாள். நிறுத்தினாள். மைக்கில் மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டி கத்தியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஜெபத்துக்கு நடுவே ஒருத்தரும் ஒருத்தரையும் நிறுத்த முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஆண்டவரே" என்றாள், சாதாரணமாக, அடுக்களையில் பேசுகிற மாதிரி. "போன வியாழக்கிழம நான் ஜெனிட்டா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுல பொய் சொல்லிட்டுத்தான் போனேன், அது ஒமக்குத் தெரியும். பிள்ள ரசம் வச்சிட்டு இருந்தா. வாந்தி எடுத்தா. நான் நெத்தியப் பிடிச்சிக்கிட்டேன். எனக்கு எல்லாத்துக்கும் அருவருப்பு, அதுவும் ஒமக்குத் தெரியும், அன்னைக்கு வரல. அது யாரு குடுத்தது, நீர்தானே?" பக்கத்தில் அங்கி அசைந்தது. "சுகிர்தா" என்று மெல்லக் கேட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "பிள்ள வயித்துல இருக்க சிசுவுக்காக ஸ்தோத்திரம். அவ வீட்டுக்காரருக்காக ஸ்தோத்திரம். அறுப்பு வரைக்கும் ரெண்டும் வளரட்டும்னுதானே நீர் சொன்னீரு, இன்னைக்கு அந்த எடத்தப் பிரசங்கத்துல விட்டுட்டோம், மன்னியும். எது கோதும, எது களைன்னு எங்களுக்குத் தெரியல. எனக்குச் சத்தியமாத் தெரியல. எங்களையும் வெட்டிராதேயும். இந்த வருஷமும் நிக்கட்டும். எங்களுக்குக் குனியச் சொல்லிக்குடும், கையில படட்டும், நாறட்டும். பேர எடுத்தது நாங்க. நீர் எடுத்துராதேயும். ஏசுவின் நாமத்தில் கேக்கேன், பிதாவே." அந்தக் கடைசிச் சொல்லுக்கு அப்புறம் என்ன வரவேண்டும் என்று கோயிலுக்கே தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும். "ஆமென்" என்றது சபை, ஆணும் பெண்ணும், பாடகர் குழுவும், துரைப்பழமும், ஒரே வாயாக, ஓட்டுக்கூரை அதிர. சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று ஒவ்வொருத்தராகக் கண்ணைத் திறந்தார்கள். துரைப்பழம் தன் வாயையே தொட்டுப் பார்ப்பவர்போலக் கையை உதட்டுக்குக் கொண்டுபோனார். பாக்கியநாதன் ஐயர் மைக்குக்காக நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் வைத்திருந்தார். அவரும் ஆமென் சொல்லியிருந்தார், பக்கத்திலிருந்து அவளுக்குக் கேட்டது, வீட்டுக் குரலில். இனி வீட்டுக்குப் போனால் என்ன, மாலையில் கமிட்டி கூடினால் என்ன, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. பப்பாளி இன்னும் நாறிக்கொண்டுதான் இருந்தது. உள்ளங்கால் பிசுபிசுத்தது. அவள் மைக்கைக் கொடுக்காமல் நின்றாள். அப்போது தூணுக்குப் பின்னால் பாய் நகர்ந்தது. லேயாள் எழுந்து நின்றாள். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. ஆராதனை நடுவில் பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் சத்தம் போட்டுப் பேசிய வழக்கம் அந்தக் கோயிலில் இல்லை. அவள் பேசினாள், வயக்காட்டு வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளைக் கூப்பிடுகிற சத்தத்தில்.

"எத்தன மாசம், ஐயரம்மா?"